கோபால்ட் தூசியும் என் நாற்காலியும்

பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் போதும், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் ஆளாளுக்கு வாயைத் திறந்து காட்டுவார்கள். பல் பார்ப்பது டாக்டர், நான் பார்ப்பது மெட்டல் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கழற்றி மாட்டும் பல்செட்டுக்குள்ளே மெல்லிய உலோகச் சட்டம் ஒன்று இருக்கும். கோபால்டும் குரோமியமும் கலந்தது. உருக்கி வார்த்ததும் அடிப்பிடித்த பால்சட்டி மாதிரி கரடுமுரடாக வரும். அதை மைக்ரோமோட்டாரில் தேய்த்துப் பளபளப்பாக்குவது என் வேலை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்: என் கை பட்ட சட்டம் யார் நாக்கையும் உறுத்தாது. யாரோ ஒருவர் அதை மாட்டிக்கொண்டு நிம்மதியாக மட்டன் கடிக்கிறார் என்று நினைத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அப்படியிருந்த எனக்கு இருமல் வந்தது. பெங்களூரில் யார் இருமினாலும் ஊர்க்காற்றின் மேல்தான் பழி போடுவார்கள். குளிர் என்பார்கள், மகரந்தம் என்பார்கள், புறா என்பார்கள். நானும் இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் போய்ப் பார்த்த டாக்டரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கு?"

யோசித்தால் ஆச்சரியமாக இருந்தது. ஞாயிறு பூசையில் எல்லாப் பாட்டையும் மூச்சு விடாமல் பாடுகிறேன். திங்கள் சாயங்காலம் வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் நெஞ்சு விசில் அடிக்கிறது. என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன்.

"கோபால்ட் தூசி நுரையீரலுக்கு ஆகாதும்மா. சிலருக்கு ஆஸ்துமா மாதிரி இழுக்கும். ஒண்ணு, அங்க தூசி குறையணும். இல்லன்னா நீங்க அந்த பெஞ்ச விட்டு எழுந்திரிக்கணும்."

லேப் அடுகோடி ஏரியாவில், ஒர்க்‌ஷாப்கள் நிறைந்த சந்து ஒன்றில் மாடியில் இருக்கிறது. எங்கள் ஓனர் கெட்ட மனுஷர் இல்லை. விஷயத்தைச் சொன்னதும், "முன்னாடி டெஸ்க்ல உக்காந்துக்கோங்க. போன் எடுக்கறது, பார்சல் அனுப்பறது. சம்பளம் அதேதான்" என்றார். கேட்டவர்கள் எல்லாம், உனக்கு யோகம்தான் போ என்றார்கள். எனக்கு அது யோகமாகத் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் நான் ஒரு ஆள். டெஸ்க்கில் உட்கார்ந்தால் ஹலோ சொல்கிற குரல், அவ்வளவுதான். முதலில் காற்றில் தூசி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கலாம் சார் என்றேன். ஒத்துக்கொண்டார்.

அளக்கிற கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கன்னடக்காரி, எங்களோடு தமிழில்தான் பேசினாள். என் இடுப்பில் சின்னப் பம்ப் ஒன்றைக் கட்டி, அதிலிருந்து ஒரு டியூபைக் கொண்டுவந்து கழுத்துப்பட்டியில் ஃபில்டரோடு குத்திவிட்டாள்.

"உங்க மூக்கு என்ன இழுக்குதோ அதையே இதுவும் இழுக்கும் மேடம். அந்த ஃபில்டர்ல எத்தனை கோபால்ட்னு பாப்போம்."

அன்றைக்கு எங்கள் லேபைப் பார்த்திருக்க வேண்டும்! பிஷப் வருகிறார் என்றால் வீட்டை எப்படி வைப்போமோ அப்படி இருந்தது. ஈரத்துணியால் துடைத்த மேஜை, எல்லார் மூக்கிலும் மாஸ்க், எல்லா பெஞ்சிலும் தூசி இழுக்கும் சக்‌ஷன் ஓடுகிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் சர்ச்சில் முதல்நன்மை வாங்கிவிட்டு போட்டோவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்து தேய்த்தேன். ரிசல்ட் வந்தது. அனுமதித்த அளவுக்கு உள்ளேதான் இருக்கிறதாம்.

"பாத்தீங்களா, நம்ம காத்து சுத்தம்" என்றார் சார். "வீட்ல சாம்பிராணி கீம்பிராணி போடறீங்களா?"

"எங்க வீட்டுச் சாம்பிராணி திங்கக்கிழமை மட்டும் புகையுமா சார்?"

அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூசி காரணம் இல்லையென்றால் உங்கள் உடம்புக்கு இந்த வேலை ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த மாதத்திலிருந்து டெஸ்க்குக்கு வந்துவிடுங்கள் என்று முடித்துவிட்டார்.

மறுநாள் பக்கத்து பெஞ்சுக்காரி அவளுடைய நாத்தனார் வீட்டு நிச்சயதார்த்தக் கதையை ஆரம்பித்தாள். ஸ்ரீராம்புரத்துக்காரி. அவள் வாயைத் திறந்தால் டிவி தேவையில்லை. கதை சூடுபிடிக்கிற இடத்தில் மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிட்டு, இயல்பாகக் கையை நீட்டி சக்‌ஷனை அணைத்தாள். நானும் என்னுடையதை அணைத்தேன். வழக்கம்தான். காதருகில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி அது போடுகிற சத்தத்தில் யார் கதை கேட்பது? கதை முடிந்த பிறகு திரும்பப் போட யாருக்கும் ஞாபகம் வராது. மேஜையில் தூசி சேர்ந்தால் காற்றுக்குழாயை எடுத்து உஸ்ஸென்று ஊதிவிடுவோம். அன்று அவள் ஊதியபோது ஜன்னல் வெயிலில் அது எழும்பி வந்ததைப் பார்த்தேன். ஐயோ மாதாவே! அந்தப் பெண் அளந்துகொண்டு போனது எங்கள் நடிப்பை!

சாரிடம் சொல்லித் திரும்ப அளக்க வைக்கப் போகிறேன் என்றதும் பக்கத்து பெஞ்சுக்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாடி, பேசறதுக்கும் வேட்டு வெக்கறியா? சார் கேமரா மாட்டுவாரு. அப்பறம் எல்லாம் பொம்மையாட்டம் உக்காந்து தேச்சிக்கினு இருக்கணும்."

மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் லேபே இழவு வீடு மாதிரி ஆகிவிடும். சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவில் வறுத்த மீன் ஒன்றைத் தூக்கிப் போட்டாள்.

"நீ அந்த டெஸ்க்குக்குப் போயிட்டா நான் யாராண்ட கத சொல்றது? கூப்புடு அந்தப் பொண்ண."

சாரிடம் போய், ஒரு சாதாரண நாளில் திரும்ப அளக்க வேண்டும் என்றேன்.

"சாதாரண நாள்னா?"

"நாங்க பேசற நாள் சார்."

அந்தக் கன்னடப் பெண் மறுபடி வந்தாள். இந்த முறை எங்கள் இருவர் இடுப்பிலும் பம்ப். "இன்னிக்கு நாங்க நடிக்க மாட்டோம்மா" என்று அறிவித்துவிட்டு என் தோழி கதையை ஆரம்பித்தாள். சக்‌ஷன் அணைந்தது, மாஸ்க் இறங்கியது, காற்றுக்குழாய் உஸ்ஸென்றது. சார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாயைத் திறக்கப் போனார். "சார், நீங்க சும்மா இருங்க. இதுதான் நமக்கு பேக்கு, இதுதான் வேணும்" என்று அந்தப் பெண் தடுத்துவிட்டாள்.

ரிசல்ட்டில் இரண்டு பேருக்கும் அளவு மீறியிருந்தது. சார் கத்தினார்.

"காசு போட்டு சக்‌ஷன் மாட்டிக் குடுத்தா, அத ஆஃப் பண்ணிட்டுக் கதையா பேசறீங்க?"

"அதுகிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க சார், தெரியும்!" நானும் கத்தினேன்.

மனுஷர் ரோஷத்தில் என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். சக்‌ஷன் ஓடியது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஒரு போன் வந்தது. ஹலோ, ஹலோ என்றார். பிறகு தன்னை அறியாமல் கையை நீட்டி சுவிட்சை அணைத்துவிட்டு, "இப்ப சொல்லுங்க டாக்டர்" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பாவம், போனை வைத்ததும் அவரும் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. சக்‌ஷன் மோட்டார் தன் சத்தத்தோடு பால்கனிக்குப் போனது. தடியான குழாய் வந்து, அதன் வாய் எங்கள் கையருகிலேயே நின்றது. காற்றுக்குழாயைக் கழற்றிவிட்டார்கள். தூசியை உறிஞ்சி எடுத்து ஈரத்துணியால் துடைக்கிறோம். முகத்தோடு ஒட்டி நிற்கும் நல்ல மாஸ்க் வந்தது, அதற்குள்ளிருந்தே என் தோழி கத்திப் பேசுகிறாள். மூன்றாவது முறை அளந்தபோது அவள் நாத்தனார் வீட்டுக் கல்யாணமே முடிந்திருந்தது, அளவு நன்றாகவே குறைந்திருந்தது.

டாக்டரம்மா மூச்சின் வேகத்தை அளக்கிற குழாயில் ஊதச் சொன்னார். ஊதினேன். திங்கட்கிழமை வேலை முடிந்து நேராகப் போனவள் நான். இன்னொரு தரம் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பெஞ்சிலயே இருங்க. அப்பப்ப வந்து ஊதிக் காட்டிட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் காலையில் சாரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அப்போ போன் எடுக்க வேற ஆளத்தான் தேடணும்."

"தேடுங்க சார்" என்று கெத்தாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.