பொட்டாசியத்தின் பத்தொன்பதாவது எலக்ட்ரான்

தாம் டீச்சர் அன்று காலை நூடுல்ஸ் கிண்ணத்தைத் தொடாமலே பள்ளிக்கு வந்துவிட்டாள். மெகாங் கரையில் எங்கள் பென் திரே ஊர்ப் பள்ளியில் அவள் பல வருடங்களாக ஒப்பந்த வேதியியல் ஆசிரியை. பின்வரிசையில் வந்து உட்காரப்போகும் அதிகாரிக்குப் பாடம் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் அதே ஒப்பந்தம், அதே பயம்.

"அக்கா, பயமா இருக்கு."

"இருக்கட்டும். சாக்பீஸைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்றேன். நான் உயிரியல் எடுப்பவள்.

இன்ஸ்பெக்ஷன் என்றால் எங்கள் ஊரில் அது பாடமே இல்லை, நாடகம். முந்தின நாளே ஒத்திகை நடக்கும். பதில் தெரிந்த பிள்ளை வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாத பிள்ளை இடது கையை; வலது கைகளை மட்டும்தான் டீச்சர் கூப்பிடுவார். அத்தனை கையும் மேலே நிற்பதைப் பார்த்து வந்தவர் பூரித்துப் போவார். இந்தக் கூத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

அணுவில் எலக்ட்ரான்கள் கூடு கூடாக அடுக்கப்பட்டிருப்பதுதான் அன்றைய பாடம். முதல் கூட்டில் இரண்டு, அடுத்ததில் எட்டு, மூன்றாவதில் பதினெட்டு வரை இடமுண்டு. ஆனால் பத்தொன்பது எலக்ட்ரான் உள்ள பொட்டாசியத்துக்கு 2, 8, 8, 1 என்றுதான் எழுத வேண்டும். ஒத்திகையில் பூங் என்ற பெண் மட்டும் திரும்பத் திரும்ப 2, 8, 9 என்றே எழுதினாள்.

"இன்னும் இடம் இருக்கே டீச்சர், எதுக்கு எட்டோட நின்னுட்டு அடுத்த கூட்டுக்கு ஓடுது?"

"நாளைக்கு மட்டும் இடது கையைத் தூக்குடி, தாயே," என்று தாம் கெஞ்சினாள்.

அதிகாரி கோவாட்டும் ஒரு காலத்தில் வாத்தியாராக இருந்தவர்தான். பின்வரிசையில் அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். பொட்டாசியத்தைப் பற்றித் தாம் கேட்டதும் எல்லாக் கைகளும் எழுந்தன. அவள் பெயர் சொல்லுமுன் அவர் சிரித்துக்கொண்டே, "அந்த இடது கைப் பொண்ணு வரட்டுமே," என்றார்.

பூங் போய் 2, 8, 9 என்று எழுதினாள்.

"ஒன்பதா?"

"டீச்சர் நேத்தே எட்டுன்னுதான் சொன்னாங்க சார். ஏன்னு கேட்டேன். இன்னைக்கு முடியட்டும், அப்புறம் சொல்றேன்னாங்க."

"நேத்தேவா?"

தாமின் முகம் வெளிறிவிட்டது. அழித்துவிட்டு வேறு பிள்ளையைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் கையிலிருந்த பாடத்திட்டத்தை மேஜையில் வைத்தாள்.

"ஒத்திகை பார்த்தோம் சார். அவ கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்லாம விட்டது நான்தான்."

பிறகு பலகைப் பக்கம் திரும்பினாள். எலக்ட்ரான் ஆற்றல் குறைந்த இடத்தைத்தான் முதலில் பிடிக்கும். மூன்றாவது கூட்டில் எட்டு நிறைந்தபின் மிஞ்சும் இடங்களைவிட நான்காவது கூட்டின் முதல் இரண்டு இடங்களுக்கு ஆற்றல் குறைவு. படம் போட்டு, அழித்து, மறுபடி போட்டு அவள் விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. திட்டத்தில் பாதி அப்படியே கிடந்தது.

ஆசிரியர் அறையில் கோவாட் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"பாடம் முடியலம்மா. ஒத்திகை வேற. இந்த வருஷம் நிரந்தரத்துக்கு எழுத முடியாது."

அவர் போனதும் தாம் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். எனக்கு அந்த ஆள்மேல் ஆத்திரமாக வந்தது. அவர் மட்டும் ஒத்திகை பார்க்காமலா வாத்தியார் வேலை பார்த்தார்?

வாசலில் பூங் நின்றாள்.

"டீச்சர், என்னாலதான் போச்சா?"

இல்லையென்று சொல்லித் தேற்றுவாள் என்றுதான் நினைத்தேன்.

"ஆமாண்டி, உன்னாலதான்." தாம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வந்து உக்காரு. நாலாவது கூட்டுல அந்த ரெண்டு இடமும் நிறைஞ்சாச்சு. இப்ப இருபத்தொண்ணாவது எலக்ட்ரான் வருது. எங்க போகும்?"

பூங் விசும்பிக்கொண்டே யோசித்தாள். பிறகு காகிதத்தை இழுத்து, இடம் மிச்சமிருந்த மூன்றாவது கூட்டிலேயே அதைச் சேர்த்துச் சரியாக எழுதினாள்: 2, 8, 9, 2.