மூன்று சின்னக் கார்களும் நான் கேட்காத கேள்வியும்

கையொப்பமிட்டுக் கொடுத்த அறிக்கையொன்றைத் திருப்பித் தரும்படி கேட்டு நான் ஒருவருடைய வாசலுக்குப் போனது ஒரே ஒரு தடவைதான். வாகன மதிப்பீட்டுத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் பொறியியல் கற்பித்த காலத்திலேயே, வாகனம் வாங்க நினைப்பவர்களுக்காக அதைப் பரிசோதித்து அறிக்கை எழுதிக்கொடுக்கும் வேலையையும் தொடங்கியிருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு அதுவே முழுநேரத் தொழிலானது; ஊராருக்கு நான் இன்னும் 'சேர்'தான். சாய்ந்தமருதில் என் வீட்டு முன்னறைதான் அலுவலகம். 'என் வீடு' என்பது பழக்கத்தில் வந்துவிட்ட சொல். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவார். வீட்டின் உறுதிப் பத்திரமும் பெண்ணின் பெயரில்தான் இருக்கும். இந்த வீடு என் மனைவி ஜெஸீமாவுடையது. இது நடந்தபோது அவர் மௌத்தாகி, நான் தனியாகி எட்டு மாதங்களாகியிருந்தன.

1. நிறங்கள்

வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பிறகு, பல வருடங்களாகக் காணாத புத்தம்புதிய சின்னக் கார்கள் கல்முனைக்கு வந்து நின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றித்தான் ஊரெங்கும் பேச்சு. அதற்கு நேர்ப் போட்டியாக வேறு இரண்டு இருந்தன. மூன்றையும் ஒரே காலையில் ஓட்டிப் பார்த்து, எது நல்லது என்று எழுதித் தரவேண்டும் என்று கேட்டு வந்தார் மருதமுனை மீராசாகிபு ஹாஜியார். நெசவுச் சாலை வைத்திருப்பவர். மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகி, அவருக்கான வீடும் கட்டி முடிந்திருந்தது.

"ஊடு முடிஞ்சி சேர். இனிக் கார்தான். மாப்பிள்ள ஊட்டார் வாயால ஒண்டும் கேக்கல்ல. கேக்காததாலதான் நல்லதாப் பாத்துக் குடுக்கோணும்" என்றார்.

கார்களின் பெயர்களை நான் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்தான் எழுதுவேன். பெயரை முதலிலேயே கேட்டால் வாடிக்கையாளர் அதற்குப் பிறகு எதையும் வாசிக்கமாட்டார். அதுவரை நிறம்தான் பெயர். ஊரார் பேசிக்கொண்ட புதிய கார் வெள்ளை. பெற்றோலும் பற்றரியும் சேர்ந்த ஹைபிரிட். சிவப்பு, பெற்றோல் மட்டும் குடிப்பது. சற்று நீளமும் உயரமும் கூடியது. சாம்பல், முழுமையான மின்சாரக் கார்.

நான் அளவுநாடாவோடு போனேன். ஹாஜியார் அதை நம்பாமல் சாரன் கட்டுகளோடு வந்திருந்தார். கடைகளுக்கு அனுப்பத் தயாராயிருந்த, ஆண்கள் உடுத்தும் கைத்தறிச் சாரன்கள். ஒவ்வொரு காரின் டிக்கியையும் திறந்து, கட்டுகளை அடுக்கி, இறக்கி, மறுபடி அடுக்கினார். சிவப்புக்குள் ஆறு கட்டு போனது, சாம்பலுக்குள் ஐந்து, வெள்ளைக்குள் நான்கு. லீற்றர் கணக்கில் நான் எழுதி வைத்திருந்த வரிசையும் அதுவேதான். அளவுநாடாவுக்கு மரியாதை வந்ததா என்று தெரியவில்லை.

2. நெல் காய்ந்த வீதி

காரைதீவுச் சந்தியால் திரும்பிச் சம்மாந்துறை வீதியில் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். அப்போது அறுவடைக் காலம். வீதியின் ஒரு பாதி முழுவதும் நெல்லைப் பரப்பிக் காயவிட்டிருந்தார்கள். மறுபாதியால் உழவு இயந்திரங்களும் பஸ்களும் நாங்களும் மாறிமாறிப் போனோம். சிவப்பு அதன் உயரத்தால் ஒன்றிலும் தட்டாமல் போனது. வெள்ளை தாழ்ந்ததாயினும் குறுகலான இடங்களில் இலகுவாக நழுவியது.

கடைசியாகச் சாம்பலை எடுத்தோம். அதற்குச் சத்தமே இல்லை. கண்ணாடிகளை ஏற்றியதும் வெளியே வெயிலும், பொன்னிறமாய் நீண்ட நெல்லும், அதைக் காலால் அளைந்துகொண்டு நடந்தவர்களும் நீருக்கடியில் அசைவதுபோலத் தெரிந்தன. எத்தனை மைல் போனோம் என்பதை நான் அன்று குறிக்கவில்லை.

இத்தகைய ஓட்டங்களில் ஜெஸீமா எனக்கு இடப்பக்கத்தில் இருப்பார். கணித ஆசிரியை. கண்களை மூடிக்கொண்டு இருந்து, "பின்பக்கம் ஆடுது", "இதுல தலை சுத்தாது" என்று சொல்வார். அவர் சொன்னவற்றுக்கு உரிய இலக்கங்களை நான் பிறகு கண்டுபிடிப்பேன். அந்த எட்டு மாதங்களில் இடப்பக்க முன் சீற்றில் யாரையும் இருக்கச் சொன்னதில்லை; பரிசோதனை மீட்டரையும் அறிக்கைக் கோப்பையும் அதில் வைத்துவிடுவேன். ஹாஜியாரும் எதுவும் கேட்காமல் ஒவ்வொரு காரிலும் பின்னால் ஏறிக்கொண்டார்.

வளைவொன்றைத் தாண்டியதும் நான் இடப்பக்கம் திரும்பி, "எப்படி?" என்று கேட்டுவிட்டேன்.

வேறெந்தக் காரிலாவது என்றால் அது எஞ்சின் சத்தத்தில் அமுங்கியிருக்கும். இதில் டயரின் மெல்லிய ஓசை மட்டுமே. ஹாஜியார் பின்னாலிருந்து, தன்னைத்தான் கேட்டதுபோல, "நல்லாத்தான் இரிக்கி சேர்" என்றார்.

3. அறிக்கை

சிவப்பையே சிபாரிசு செய்தேன். காரணங்கள் சரியானவை. பின் சீற்றில் மூவருக்கு இடம். நிலத்திலிருந்து உயரம் அதிகம். வெள்ளைக்கு எரிபொருள் குறைவாகவே செல்லும், திரும்பும் வட்டமும் சிறியது. ஆனால் ஓட்டுநர் சீற் நெருக்கம் என்று எழுதினேன். சாம்பலின் ஓட்டம் மூன்றிலும் இனிமையானது. வெளியூர்ப் பயணத்தில் மின்னேற்ற வசதி போதாது என்றேன். ஓட்டுநர் சீற்றை நானே இருந்துதான் அளப்பேன். என் உயரம் ஐந்தடி பதினொரு அங்குலம். மாப்பிள்ளையும் ஏறக்குறைய அந்த உயரம் என்று ஹாஜியார் படத்தைக் காட்டிச் சொல்லியிருந்தார்.

இரண்டு நாட்களுக்குப் பிறகு ஒரு ஸ்கூட்டர் என் வாசலில் வந்து நின்றது. டயர்களில் காய்ந்த சேறு. ஓட்டி வந்தவர் ஹாஜியாரின் மகள் ரிஸ்மியா. பின்னால் அவருடைய உம்மா, ஹாஜியாரின் மனைவி. ரிஸ்மியா விவசாயப் போதனாசிரியை. நற்பிட்டிமுனையிலிருந்து சம்மாந்துறை வரை வயல்களுக்குப் போய் வருபவர். ஐந்தடிக்கும் குறைவான உயரம். அறிக்கையின் பிரதியொன்றை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"வாசிச்சன் சேர். எழுதினதுல ஒண்டும் பிழையில்ல. ஆனா இத ஆர் ஓடப்போற எண்டு எங்கயும் இல்லயே."

ஓட்டப்போவது மாப்பிள்ளைதானே என்றேன்.

உம்மா குறுக்கிட்டார். மாப்பிள்ளை கட்டாரில் நில அளவையாளர், கலியாணத்துக்கு இரண்டு மாத லீவில் வருகிறார், பிறகு இரண்டு வருடம் கழித்துத்தான் வருவார் என்றார்.

"ரெண்டு மாசம் அவர் ஓடுவார். மிச்சம் நான்தான்" என்றார் ரிஸ்மியா. "கலியாணத்துக்குப் பிறகு ஸ்கூட்டர்ல வயலுக்குப் போற சரிவராது எண்டு மாப்பிள்ளைட உம்மா செல்லிட்டாங்க. அவங்களயும் குறை செல்ல ஏலா, போன மாரியில வாய்க்கால் கட்டுல விழுந்து கை ஒடைஞ்சது எனக்கு. கார் எனக்கு ஓட ஏலாட்டி வேலைய உடோணும். அவ்வளவுதான் சேர்."

ஹாஜியாரிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சிவப்பு வேணாம் எண்டா வாப்பா மாப்பிள்ளயே வேணாம் எண்டு விளங்குவார். நீங்க எழுதினத்த நீங்கதான் மாத்த ஏலும்."

என் பரிசோதனைப் படிவத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட நிரல்கள் உண்டு. பிரேக் பட்டையின் தடிப்புக்குக்கூட ஒன்று இருக்கிறது. யார் ஓட்டுவது என்பதற்கு இல்லை. கலியாணத்துக்குக் கொடுக்கும் கார் என்றால் மாப்பிள்ளையின் கார் என்று எங்கள் ஊரில் எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் நானும் கேட்கவில்லை.

4. வாய்க்கால் கட்டு

அடுத்த நாள் மூன்று கார்களையும் மறுபடி பார்த்தோம். சிவப்பில் ரிஸ்மியா சீற்றை முன்னுக்கு இழுக்கக்கூடிய மட்டும் இழுத்தார். பிரேக்கைக் கால் எட்டியபோது நெஞ்சு ஸ்டியரிங்கோடு முட்டியது. பொனெட் எங்கே முடிகிறது என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். சாம்பலில் கால் எட்டியது. அடித்தளத்தில் பற்றரி இருப்பதால் முழங்கால் மேலெழுந்து நின்றது. வெள்ளையின் சீற்றை உயர்த்தவும் முடிந்தது. நான் நெருக்கம் என்று எழுதிய அதே சீற்றில் அவர் இரண்டு கைகளையும் நீட்டி, வீதியைப் பார்த்தபடி இருந்தார்.

வாய்க்கால் கட்டில் ஓட்டிக் காட்டச் சொன்னேன். உம்மா பின்னால் ஏறினார். மீட்டரையும் கோப்பையும் கீழே வைத்துவிட்டு நான் இடப்பக்கத்தில் ஏறினேன். பாதித் தூரத்தில் எதிரே உழவு இயந்திரம் ஒன்று வந்தது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். ரிஸ்மியா பின்கியரைப் போட்டு, கட்டு அகலமான இடம்வரை நேராகப் பின்னுக்கு வந்து, ஒதுங்கி வழிவிட்டார். உழவு இயந்திரக்காரர் கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

"கண்ணத் திறக்கலாமா?" என்று கேட்டார் உம்மா.

5. நெசவுச் சாலையில்

அன்று பின்னேரமே மருதமுனைக்குப் போனேன். தறிகளின் சத்தத்துக்கு நடுவே ஹாஜியார் நூல் பார்த்துக்கொண்டிருந்தார். அறிக்கையைத் திருப்பித் தாருங்கள் என்றேன். அவர் நூலைக் கீழே வைத்தார். சிவப்புக் கார் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு அறிவித்தாயிற்று, இனி எப்படி மாற்றுவது என்றார்.

"பிழை எனக்கிட்ட ஹாஜியார். காரை அளந்தன். ஓடப்போற ஆள அளக்கல்ல" என்றேன்.

ஸ்கூட்டர் இனிச் சரிவராது, தனக்கு ஓட்ட முடியாத கார் என்றால் வேலையை விடவேண்டும் என்று ரிஸ்மியா சொன்னதைச் சொன்னேன். அவர் நூலை மறுபடி எடுத்துச் சுற்றினார். பிறகு, "கார் மாப்பிள்ளைட பேர்ல. அவர் இல்லாதக்குள்ள பொம்புளப் புள்ள எடுத்து ஓடினா ஊர் கதைக்கும் சேர்" என்றார்.

"ஊடு ஆர்ட பேர்ல?"

"மகள்டதான்."

"மாப்பிள்ள இல்லாதக்குள்ள அவ அந்த ஊட்ட இரிக்கிறத்த ஊர் கதைக்குமா?"

அதைச் சொன்ன பிறகுதான் என் சொந்தக் கணக்கு எனக்குத் தெரிந்தது. ஜெஸீமாவின் வீட்டில் நான் முப்பத்தொரு வருடம் இருந்தேன். முற்றத்தில் நின்ற கார் என் பெயரில் இருந்தது; அவர் அதில் இடப்பக்கம் இருந்தார். ஒருநாளும் சாவியை நீட்டி, ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்டதில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காததால் விருப்பம் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஹாஜியார் எழுந்து மேசை இழுப்பறையிலிருந்து அறிக்கையை எடுத்து என்னிடம் தந்தார்.

"வெள்ளைக்குள்ள எத்தின கட்டு போன?"

"நாலு."

"போதும். சாரன் வேன்ல போகட்டும்." தறியின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு தொடர்ந்தார்: "மாப்பிள்ளைக்கு நானே போன்ல கோல் எடுத்துச் செல்றன். பேரும் மகள்ட பேரையே போட்டுடுவம். உறுதியில ஒரு பேர், கார்ல ஒரு பேர் எண்டு என்னத்துக்கு."

6. இடப்பக்கம்

இளையவர்களுக்குச் சொல்லவேண்டியது சிறிய விடயம்தான். காரின் மூடியைத் திறப்பதற்கு முன், ஓட்டப்போகிறவர் யார் என்று கேளுங்கள். அவரை அழைத்து, சீற்றில் இருத்திப் பாருங்கள். பணம் கொடுப்பவரின் பதிலோடு நிறுத்திவிட வேண்டாம். என் படிவத்தில் இப்போது அதுதான் முதல் நிரல்.

கலியாணம் முடிந்து, மாப்பிள்ளையின் லீவும் முடிந்த பிறகு, ஒருநாள் ரிஸ்மியா உம்மாவோடு அந்த வெள்ளைக் காரில் வந்தார். ஒலுவில் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போவதாகவும், காரின் இரைச்சல் ஒன்றை நான் கேட்டுச் சொல்லவேண்டும் என்றும் சொன்னார். இரைச்சல் எதுவும் இருக்கவில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கலாம். நான் இடப்பக்கத்தில் இருந்தேன். ரிஸ்மியா நிதானமாக ஓட்டினார். பார்த்துச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

காரைதீவைத் தாண்டும்போது கவனித்தேன். தெற்கே போகையில் கடல் இடப்பக்கம். ஒவ்வொரு ஒழுங்கையின் முடிவிலும் ஒரு துண்டு நீலம் வந்து, சுவரொன்றால் மறைந்து, அடுத்த ஒழுங்கையில் மறுபடி வந்தது. இந்த வீதியில் நான் ஓட்டிய காலமெல்லாம் அது ஜெஸீமாவின் பக்கத்தில் இப்படித்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது. நிந்தவூர் முடியும்வரை நான் கண்களை மூடவில்லை.