ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்த பம்ப்

முதலில் மன்னித்துவிடுங்கள். பத்தாவதோடு நின்றவன், மூச்சுக்குழாயைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். டாக்டர்கள் யாராவது படித்தால், சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

போன ஞாயிறு, கேரளத்து வண்டிப்பெரியாரில் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. என் மனைவி மெர்சி சர்ச் கொயரில் பாடுகிறாள். அன்று ஒரு சரணம் அவள் மட்டும் தனியாகப் பாட வேண்டும். முதல் வரி பாடினாள். இரண்டாவது வரி வரவில்லை... வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. கழுத்து மட்டும் குழி விழுந்து விழுந்து எழுகிறது.

எஸ்டேட் ஃபாக்டரியில், தேயிலை சலிக்கிற ரூமில் அவளுக்கு வேலை. தூள் பஞ்சாகப் பறக்கும். மூன்று வருடமாக மூச்சிளைப்பு. டாக்டர், வாயில் வைத்து இழுக்கிற பம்ப் இரண்டு கொடுத்திருந்தார் — நீலம் ஒன்று, பிரவுன் ஒன்று. நீலத்தை இழுத்தால் சற்று நேரத்தில் மூச்சு வந்துவிடும். பிரவுன்? இழுத்தாலும் ஒன்றுதான், இழுக்காவிட்டாலும் ஒன்றுதான். அப்படித்தான் தெரிந்தது.

ஆனால், "இதுதான் முக்கியம்" என்று டாக்டர் சொல்லிக் கொடுத்த மருந்தாயிற்றே! வீணாக்கலாமா? அதனால் வேலை நாளுக்கு நீலம், கோயிலுக்குப் போகிற நாளுக்கு பிரவுன். நல்ல புடவை மாதிரி.

இந்த யோசனை யாருடையது? என்னுடையது.

கோயிலிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே மாஸ்க் மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். மூச்சு திரும்பியது. டியூட்டி டாக்டர் சின்னப் பெண், மலையாளி.

"சேச்சி, பிரவுன் பம்ப் டெய்லி எடுக்கிறதில்லையா?"

மெர்சி மாஸ்கை விலக்கினாள். "சண்டேக்கு மட்டுந்தான் டாக்டர். இவுகதான் அப்படிச் சொன்னாக."

அந்த நிலையிலும் என்னைக் காட்டிக்கொடுக்க மூச்சு இருந்தது! டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சேட்டா, மூச்சுக்குழாயைச் சுத்தி தசை உண்டு. உள்ள மெல்லிசா ஒரு தோல் உண்டு. அந்தத் தோல்தான் தசைகிட்ட 'லூஸ் ஆகு, லூஸ் ஆகு'ன்னு சொல்லிட்டே இருக்கும். சேச்சிக்கு தேயிலைத் தூசி அலர்ஜி ஆயி. தோல் புண்ணாயி. அது சொல்றது இப்ப தசைக்குச் சரியா எட்டுறதில்லை. நீலம் தசையை மட்டும் அவிழ்க்கும். தோலை ஆத்துறது பிரவுன். மெதுவாத்தான் ஆத்தும். டெய்லி வேணும்."

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்கக் கூச்சம். மெர்சி இடித்தாள். "வாயத் தொறந்து கேளுங்க. பேப்பர்ல மட்டும் பக்கம் பக்கமா எழுதுதீக."

கேட்டேன். "தினமும் எடுத்தா பழையபடி பாடுவாளா?"

"பாடலாம். பக்‌ஷே அந்த ரூமிலேயே நின்னா... மருந்து ஒரு பக்கம் ஆத்தும், தூசி ஒரு பக்கம் புண்ணாக்கும். வேற வேலைக்கு மாத்தச் சொல்லுங்க."

உடனே பலன் தருவதைத்தான் நாம் மருந்து என்கிறோம். சத்தமில்லாமல் வேலை பார்ப்பதை மூடி போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறோம். மூன்று வருடம் என் மனைவியின் மூச்சை நானே வாரத்துக்கு ஒரு நாள் என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். இதைப் பக்கத்து வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம்தான் சொல்ல முடிகிறது.

மறுநாள் காலை மெர்சி பிரவுன் பம்பை இழுத்து, வாய் கொப்பளித்துவிட்டு, ஃபாக்டரிக்குப் போய் வேறு வேலை கேட்டாள். சூப்பர்வைசர், "சீசன் முடியட்டும்" என்றார். அவள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சலிக்கிற ரூமுக்குள் போனாள்.