கனகாம்பாள் சொல்லாத ‘ஆமா’

ரங்கூனில் ஜெர்மன் பேசத் தெரிந்த தமிழச்சி கனகாம்பாள் ஒருத்திதான் என்று மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை முழுக்கப் பெருமை பேசும். ஜெர்மன் சண்டைக்கு முன்னால் ஒரு ஜெர்மன் அரிசி வியாபாரி வீட்டில் ஆயாவாகப் பிள்ளை வளர்த்தவள். அந்தப் பெருமையை வைத்தே 1926இல் அவளை வம்பில் மாட்டிவிட்டார்கள்.

மாட்டிவிட்டது வேறு யாருமில்லை, கட்டிய புருஷன். நல்லையா ரயிலடிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் தமிழ்ப் பள்ளி நடத்திவந்தார். மழை பெய்தால் பிள்ளைகள் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். மர வியாபாரி ராஜரத்தினம் நல்ல கட்டடம் ஒன்று தருவதாகச் சொன்னார். ஆனால் ஜெர்மன்காரன் தமிழிலிருந்து சொல் எடுத்தான் என்று ஊர்த் தமிழர் கூடும் சபையில் நிரூபிக்க வேண்டுமாம். மனுஷருக்கு அப்படியொரு கிறுக்கு. நல்லையா, மனைவி வாயில் அடிக்கடி வரும் ‘ஸேர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். ஜெர்மனில் அதற்கு ‘மிகவும்’ என்று பொருள். நெருக்கம், மிகுதி என்று பொருள்படும் நம் ‘செறி’தான் கப்பலேறிப் போய் ‘ஸேர்’ ஆனது என்று சபையில் முழங்கினார்.

கைதட்டல் அடங்கியதும் ராஜரத்தினம் கனகாம்பாள் பக்கம் திரும்பினார். வாத்தியாரை எல்லோரும் பர்மியர் போலச் ‘சயா’ என்றுதான் அழைப்பார்கள்.

“நீங்க சொல்லுங்கம்மா. சயா சொல்றது சரிதானே?”

“ஆமான்னு ஒரு வார்த்தை, போதும் கனகா” என்று நல்லையா கிளம்பும்போதே கெஞ்சியிருந்தார். முன்வரிசையில் பிள்ளைகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இல்லீங்க” என்றாள். “நான் வளர்த்த புள்ள ஒரு தடவ மாடிப்படியில உருண்டுட்டான். டாக்டர் பாத்துட்டு ‘உன்ஃபெர்ஸேர்ட்’னாரு. காயம் இல்லன்னு அர்த்தம். அதுல ஏன் ஸேர் வருதுன்னு தொரசானியக் கேட்டேன். அந்தக் காலத்துல ஸேர்னா வலியாம். வலிக்க வலிக்க நேசிச்சேன், வலிக்க வலிக்க பயந்தேன்னு பேசிப் பேசி, வலி போயி ‘ரொம்ப’ மட்டும் நின்னுடுச்சாம். அது அவங்க பாட்டன் சொத்துங்க. நம்மளுது இல்ல.”

ராஜரத்தினம் முகம் சுண்டிவிட்டது.

“அடுப்படியில கத்துக்கிட்ட பாஷை. சயா, நீங்க சொல்லுங்க. அவங்களுக்குச் சரியாத் தெரியாதுதானே?”

நல்லையா எழுந்தார். தெரியாது என்று சொல்லிவிட்டால் கட்டடம் வந்துவிடும். கனகாம்பாள் தரையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள்.

“எனக்குத்தாங்க ஜெர்மன் தெரியாது” என்றார் நல்லையா. “அவளுக்குத் தெரியும்.”

கட்டடம் போயிற்று. மறுநாள் நல்ல மழை. கனகாம்பாள் கொட்டகைக்குப் போய், கூரை அதிகம் ஒழுகும் மூலையிலிருந்த பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டாள். பள்ளி விடும்வரை எழுந்திருக்கவில்லை.