செம்பாசி மாவும் சரசக்காவின் ஜெல்லியும்

கடல் இல்லாத ஊரில் கடற்பாசி மாவு விற்பவனுக்கு வாய் ஓயாது. சரக்கோடு விளக்கத்தையும் சேர்த்து விற்கிற தொழிலில் மாட்டிக்கொண்ட சகபாடிகளுக்கு என் பாடு புரியும்.

நான் படித்தது வேதியியல். கணபதி என்கிற பகுதியில் சின்னக் கடை. செம்பாசியிலிருந்து எடுக்கும் கேராஜீனன் மாவை ஜெல்லி, ஐஸ்கிரீம் போடுகிறவர்களுக்குக் கொடுக்கிறேன்.

சைவமா?

பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டோடு ஜெல்லி போடும் சரசக்கா முதன்முதலாக மாவு கேட்டு வந்தார். எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் வேண்டாம் என்று கல்யாணக்காரர்கள் சொல்கிறார்களாம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இது கேலக்டோஸ் என்கிற சர்க்கரையைக் கோத்த நீளச் சங்கிலி, அங்கங்கே சல்பேட் ஒட்டியிருக்கும் என்று கால்மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சங்கிலி கெடக்கட்டுங்க தம்பி. கடல்லருந்து வருதுங்கறீங்க, மீனு கீனு ஒட்டியிருக்காதுங்களே?"

எதற்கு மூன்று மூட்டை?

அடுத்த முறை கடையில் மூன்று வகை மாவு மூட்டைகளைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டார். இரண்டு சர்க்கரைக்கு ஒரு சல்பேட் என்றால் கப்பா, கெட்டியாக உறையும். இரண்டு என்றால் அயோட்டா, தளதளவென்றிருக்கும். மூன்று என்றால் லாம்டா, கூழாகவே நிற்கும். சங்கிலிகள் நெருங்கிப் பின்னினால்தான் ஜெல்லி. சல்பேட்டுகளோ ஒன்றையொன்று தள்ளும். இது எனக்குப் புரிய கல்லூரியில் ஒரு பருவம் ஆனது. சரசக்காவுக்கு அரை நிமிடம். "எங்கூட்டுப் பங்காளிக மாதிரின்னு சொல்லுங்க. பக்கத்துல உக்கார வெச்சா தள்ளித் தள்ளிப் போவாங்க."

சென்னிமலைக் கல்யாணம்

அது அவருக்கு முதல் பெரிய ஆர்டர். சரியாக வந்தால் இனி எல்லா விசேஷத்துக்கும் அவரிடமே வாங்குவதாகச் சமையல் கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். முந்தைய நாள் காலை போன் வந்தது: ஜெல்லி வெடித்துத் தண்ணீர் விடுகிறது. மூட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

வண்டியை விரட்டிப் போய், கையோடு கொண்டுபோன பாட்டில் தண்ணீரில் அதே மாவைக் காய்ச்சினேன். அழகாக உறைந்தது. அப்புறம்தான் அவர் ஊற்றிய தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். இரண்டு நாளாக நல்ல தண்ணீர் வரவில்லை, போர்வெல் உப்புத் தண்ணீர்தான் என்றார். அதிலிருக்கும் கால்சியம் அவர் வாங்கிப்போன கப்பாவின் சங்கிலிகளை அளவுக்கு மேல் இறுக்கித் தண்ணீரைப் பிழிந்துவிடும். எனக்குத் தெரியும், சொன்னதுதான் இல்லை.

கேன் தண்ணீர் வாங்கி இருவருமாக மறுபடி காய்ச்சினோம். மாலைக்குள் எல்லாம் உறைந்து, வேன் கிளம்பிவிட்டது. எனக்கு நிம்மதியில் கண் கலங்கியது. சரசக்கா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க தம்பி, உப்புத் தண்ணியில பருப்பே வேகாதுன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. உங்க மாவுக்கும் அப்படித்தான்னு மொதல்லயே ஒரு வார்த்த சொன்னா ஆகாதுங்களா?"

இப்போதெல்லாம் கடைக்கு யார் வந்தாலும் அவர்கள் ஊர்த் தண்ணீரை விசாரித்துவிட்டுத்தான் சல்பேட்டைப் பற்றி வாயைத் திறக்கிறேன்.