நான் மறுத்த தண்ணீர்

கிராம சேவிகா வேலைக்குத் தென்காசிக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் கும்பகோணம். அறுபதுகளின் தொடக்கம் அது. சுரண்டை போகும் பாதையில் ஒரு கிராமத்தை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்வதுதான் என் முதல் வேலை. பயிற்சியில் சொன்னபடி நானும் ஒரு பாட்டிலில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் கொண்டுபோவேன்.

முதல் நாள், முதல் வீடு. அந்தப் பெண்ணுக்கும் என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு பிள்ளை. "வாங்க" என்று பாய் விரித்து, செம்பு நிறையத் தண்ணீர் நீட்டினாள்.

"வேண்டாங்க, என்கிட்டயே இருக்கு" என்று பாட்டிலைக் காட்டினேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் முதல் அந்தத் தெருவில் எனக்கு முகம் கொடுக்க ஆளில்லை. கூட்டம் போட்டால் யாரும் வருவதில்லை. மூன்று வாரம் இப்படியே போயிற்று. "வேற ஊர் போட்டுத் தரட்டுமாம்மா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். காரணம் தெரியாமல் அந்த ஊரை விடுவதில்லை என்று ஒரு பிடிவாதம்.

ஒருநாள் கிணற்றடியில் அவளை நேராகவே கேட்டேன்.

"நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"எங்க கைத்தண்ணி ஆகாதுன்னு நீங்கதான சொன்னிய. பொறவு எங்க வீட்டுக்கு என்னத்துக்கு வாரிய?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சாதி பார்த்ததாக நினைத்திருக்கிறார்கள். "ஐயோ, அதில்லைங்க. காலராவுக்குப் பயந்துதான்" என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"அப்ப எங்க தண்ணி அழுக்குங்கியளா?" குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் நடந்துவிட்டாள்.

இனி விளக்கம் சொல்லிப் பயனில்லை என்று புரிந்தது. மறுநாள் பாட்டில் இல்லாமல் போனேன். குற்றாலத்துச் சாரல் அந்தத் தெருவரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் தாகம் என்று கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தும் அவள் வாசலில் நின்று கேட்டேன். பாட்டில் இல்லாத என் கையைப் பார்த்தாள். பிறகு செம்பைக் கொடுத்தாள். முழுவதும் குடித்தேன்.

அடுத்த இரண்டு நாளும் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள், கேள்விப்பட்டு, கஞ்சித் தூக்கோடு பஸ் ஏறித் தென்காசியில் இருந்த என் அறைக்கே வந்துவிட்டாள் அவள்.

"எங்க தண்ணிதான் செஞ்சிட்டோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அப்படித்தான் தோணுது. ஆனா உங்க வீட்டுத் தண்ணிங்கிறதால இல்ல. எங்க ஊர்ப் பச்சைத் தண்ணியும் இப்படிச் செய்யும். உங்க பிள்ளைக்கு வரதில்லையா?"

"அடிக்கடி வருதே" என்றாள். கஞ்சியை ஊற்றிக்கொண்டே யோசித்தாள். "கொதிக்க வைக்கலாம். வெறகுக்கு எங்கன போக?"

அந்தக் கேள்வி என் பயிற்சியில் எங்குமே வரவில்லை. இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து பேசினோம். சோறு வடித்து இறக்கியதும், எரிகிற அதே அடுப்பில் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சட்டித் தண்ணீர் வைப்பது என்று முடிவாயிற்று. அடுத்த கூட்டத்துக்குத் தெருப் பெண்களை அழைத்துவந்து, அவளே எழுந்து அதை அவள் பேச்சில் சொன்னாள். நான் கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்டேன். அந்த மாதம் ஏழு வீட்டில் தண்ணீர் கொதித்தது. மற்ற வீடுகளுக்கு ஆறு வருஷம் நடந்தேன்.