திருவண்ணாமலையில் வீடு தேடினோம், பௌர்ணமி அன்று!

எனக்குத் திருவண்ணாமலைக்கு மாற்றல் வந்தது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவர், எங்கே வேண்டுமானாலும் வரலாம். ஆனால், "வீடு எனக்குப் பிடிச்சாதான் வருவேன். இல்லன்னா நீ ஹாஸ்டல்ல இரு, நான் சென்னையிலயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். கல்யாணமாகி இருபத்தோரு வருஷம் ஆன மனுஷன் பேசுகிற பேச்சா இது? எனக்கு வயிற்றெரிச்சல்.

வீடு பார்க்க நாள் குறித்ததும் அவர்தான். "பௌர்ணமி, நல்ல நாள்" என்றார். ஊர் முழுக்க அன்றைக்கு மலை சுற்றும் என்பது இருவர் மண்டைக்கும் ஏறவில்லை.

விடியற்காலை நாலரைக்கு பஸ். 190 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். ஒன்பதரைக்கு ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். ஆட்டோக்காரர் கோயில் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, "இதுக்கு மேல வண்டி வுட மாட்டாங்கம்மா. நடந்துனே போங்க, புண்ணியம்" என்றார். எண்பது ரூபாயையும் வாங்கிக்கொண்டுதான் புண்ணியத்தைச் சொன்னார்.

முதல் வீடு ரமணாசிரமம் பகுதியில், கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டர். இரண்டு அறை, வாடகை பதினாலாயிரம். குரங்குத் தொல்லைக்கு ஜன்னலெல்லாம் கம்பிவலை. பக்கத்துக் கடையில் காபி நூற்றிருபது ரூபாய். அதைக் குடித்துவிட்டு இவர், "அப்படியே பெசன்ட் நகர்" என்று சொக்கிப் போனார். சரி, முடித்துவிடலாம் என்றேன். கேட்டால்தானே? ஒரு கத்தரிக்காய் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிற ஆள். "இன்னொண்ணு பார்த்துட்டு வரோம்" என்றார். வீட்டுக்கார அம்மா, "நாலு மணிக்குள்ள வந்துடுங்க. சாயந்தரம் வேற பார்ட்டி வராங்க" என்றார்.

இன்னொன்று அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையிலேயே மேலும் ஐந்து கிலோமீட்டர். வழியில் எலுமிச்சை சாறு விற்கிற அம்மா, "செருப்பு போட்டுனு மலை சுத்துவாங்களா சார்?" என்று கேட்டுவிட, மானஸ்தர் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் கேட்காத மாதிரி போட்டுக்கொண்டே நடந்தேன்.

ஒன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய வீடு, ஆறாயிரத்து ஐந்நூறுதான், வாசலிலேயே மலை. "தாம்பரத்துக்கு அந்தாண்ட வந்த மாதிரி இருக்கு" என்று இவர் முகம் சுளித்தார். மொட்டைமாடி மூலையில் நின்றால்தான் போனில் சிக்னல் வந்தது. அங்கே உட்கார்ந்து எப்படி வேலை பார்ப்பது? ஆக, முதல் வீடுதான்.

திரும்பி நடந்தால் ஐந்து கிலோமீட்டர். மலையைச் சுற்றி முடித்துப் போனால் ஒன்பது. நான் வந்த வழியே திரும்பினேன், இவர் நகரவில்லை. "பாதி வலம் வந்துட்டு ரிவர்ஸ்ல போறதா? தப்புடி" என்றார். தீபாவளிக்குக்கூட கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்! எதிரே வருகிற கூட்டத்தைப் பார்த்தேன். முட்டி மோதித் தனியாகப் போகவும் தெம்பில்லை, இவர் பின்னாலேயே நடந்தேன்.

மூன்றே முக்காலுக்கு, பாதையின் கடைசி லிங்கமான ஈசானிய லிங்கம் தாண்டி, டவுனுக்குள் நுழைந்ததும் ஒரு வீட்டுப் படியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். உள்ளங்காலில் இரண்டு கொப்புளம். அந்த வீட்டு அம்மா ஒரு பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "காலை வைங்க சார். எந்த ஊருங்க?" என்றார். வீடு தேடி வந்த கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "எங்க மாடியே காலியாத்தாங்க கீது" என்றார்.

மேலே போய்ப் பார்த்தேன். ஒன்பதாயிரம். சின்ன வீடு, நல்ல வெளிச்சம், சிக்னல் முழுசாக இருந்தது. மார்க்கெட் பத்து நிமிஷ நடை. மற்ற நாளில் வாசலில் சதா ஹாரன் சத்தம்தானாம். இறங்கி வந்தபோது இவர் போன் அடித்தது, முதல் வீட்டு அம்மா. எடுத்து, "வேற வீடு அமைஞ்சிடுச்சுங்க" என்று வைத்துவிட்டார்.

"மேல வந்து நீங்க பார்க்கவே இல்லையே?"

"நீ பார்த்தல்ல? நீ இருக்கப்போறல்ல? அப்ப எனக்கும் இதான் வீடு."

காலையிலிருந்து சேர்ந்த கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று சமாளித்தேன்.

வீடு தேடிப் போகிறவர்கள் பௌர்ணமியை விட்டுவிட்டு மற்ற நாளில் போங்கள், எல்லா இடத்துக்கும் ஆட்டோ வரும். அமைதி வேண்டுமென்றால் அடி அண்ணாமலை, காபிக்கு நூற்றிருபது கொடுக்க மனசிருந்தால் ரமணாசிரமம் பக்கம், அவசரத்துக்கு எல்லாம் கிடைக்க வேண்டுமென்றால் டவுன். முக்கியமாக, வீட்டுக்காரரையும் உள்ளே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். நாங்கள் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது, அடுப்படி எந்தப் பக்கம் என்று இவருக்கு இன்னும் தெரியவில்லை.